தற்காலிகமாக விறாந்தையில்

இலங்கை யுத்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆனையிறவு, முல்லைத்தீவு, முகமாலை என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கொழும்புக்குப் போய்ப் புத்தகம் வெளியிடுகிறார்கள். புத்தளத்துப் பக்கம் அவர்கள் எட்டிப் பார்க்காததில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. இங்கே என்ன இருக்கிறது? உப்பளம், தென்னந்தோட்டம், சீமெந்துத் தொழிற்சாலை, நடுத்தெருவில் நின்று யோசிக்கிற கழுதைகள். பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகிற வீதியை ஒட்டியிருக்கிற என் வீட்டுக் கூரையில் ஒரு ஷெல்லும் விழுந்ததில்லை. விழுந்ததெல்லாம் தேங்காய்.

ஆனாலும் அந்த யுத்தத்தில் நானும் இடம்பெயர்ந்தவன்தான். அறையிலிருந்து விறாந்தைக்கு. இதை மனைவியிடம் சொன்னபோது, வடக்கிலிருந்து வந்த சனத்துக்கு முன்னால் அந்தச் சொல்லை வாயில் எடுக்க வேண்டாம் என்று எச்சரித்தாள். ஆகவே இடமாற்றம் என்று வைத்துக்கொள்வோம். அரசாங்கப் பாடசாலையில் புவியியல் படிப்பித்தவனுக்கு அது பழகிய சங்கதி.

யுத்த காலத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்த எதுவும், நிரந்தரமாகத் தங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. சட்டம் தற்காலிகம், வரி தற்காலிகம், மணிக்கூட்டை முன்னால் தள்ளியது தற்காலிகம், நான் விறாந்தைக்குப் போனதும் தற்காலிகம். இதில் கடைசியாகச் சொன்னது இன்னும் அமுலில் இருக்கிறது.

எங்கள் கரைக்கு இது புதிதல்ல. பாட்டனார் காலத்தில் இன்னொரு யுத்தம் வந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. 9ஆம் திகதி திருகோணமலையில். பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அரிசிக்குக் கூப்பன் வந்தது. அரிசி போதாத வயிற்றைக் கோதுமை மாவும் பாணும் நிரப்பின. பாலாவியில் பிரிட்டிஷ் கடற்படை விமானத்தளம் ஒன்று போட்டது. அங்கே விமானங்களை யானை கட்டி இழுத்தார்கள். கோர்செயர் என்கிற போர் விமானத்தை யானை இழுத்துப் போகிற படம் உண்மையாகவே இருக்கிறது. நான் கதை அளக்கிறேன் என்று நினைக்கிற பழைய மாணவர்கள் தேடிப் பார்க்கலாம். அந்த யானைகளுக்குத் தென்னோலை கொடுத்துப் பாட்டனார் காசு பார்த்தார் என்பது எங்கள் குடும்ப வரலாறு. காசு அல்ல, வெறும் சிகரட் டின்கள்தான் கிடைத்தன என்பது அவருடைய மனைவியின் திருத்தம். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் வரலாறு சொல்வார்கள், பெண்கள் திருத்துவார்கள்.

யுத்தம் 1945இல் முடிந்தது. கூப்பன் முடியவில்லை. 1953இல் கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியதும் நாடு ஹர்த்தாலில் எழுந்தது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதற்குப் பிறகும் கூப்பன் 1979இல் உணவு முத்திரை வரும்வரை ஏதோ ஒரு உருவத்தில் நின்று பிடித்தது. பாண் இன்றைக்கும் நிற்கிறது. காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு முச்சக்கர வண்டியில் வருகிற பாண்காரரிடம், அவருடைய தொழிலே ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததால் தழைத்தது என்று நான் விளக்க முயல்வதுண்டு. அவர் மீதிச் சில்லறையைக் கையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துவிடுவார்.

எங்கள் காலத்து யுத்தம் படிவமாக வந்தது. அவசரகாலச் சட்டம் 1983இலிருந்து, நடுவில் சில இடைவேளைகள் விட்டு, 2011 ஓகஸ்ட் வரை ஓடிய படம். அதன் கீழ், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், தொழில், வீட்டுத் தலைவருக்கு என்ன முறை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து எனக்கு யாரும் தராத ஒரு பதவியை அரசாங்கம் இப்படித் தூக்கித் தந்தது. படிவத்தை நிரப்பியவள் மனைவி, ஏனென்றால் என் அடையாள அட்டை இலக்கம் அவளுக்குத்தான் மனப்பாடம். வீட்டுத் தலைவர் ஒப்பம் வைக்க வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். வைத்தேன்.

இரவு தங்க வருகிற விருந்தாளியையும் சொல்ல வேண்டும் என்றொரு நிபந்தனை. சிலாபத்திலிருந்து மாமியார் வந்திறங்கினார். "எத்தனை நாளுக்கு என்று எழுத?" என்று அவரிடம் முகத்துக்கு நேரே கேட்கிற துணிச்சலை எனக்குத் தந்த ஒரே சட்டம் அதுதான். "இப்பிடியும் ஒரு சட்டமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த நாளே பஸ் ஏறினார். பாராளுமன்றத்தில் அவசரகாலச் சட்டத்தை மாதாமாதம் நீடிக்கும்போது எழுந்த கண்டனங்கள் அத்தனையோடும் எனக்கு உடன்பாடு உண்டு. இந்த ஒரு நிபந்தனையை மட்டும் விட்டுவைத்திருக்கலாம்.

1990 ஒக்டோபர் கடைசியில் அந்தப் படிவத்தில் கோடு போதாமல் போனது. விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி. கொடுத்த தவணை இரண்டு மணி நேரம். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவுச் சனம் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்துச் சனம் வவுனியா வழியாக. பெரும்பகுதி வந்து நின்ற இடம் எங்கள் புத்தளம். பள்ளிவாசல்கள் நிரம்பின, பாடசாலைகள் நிரம்பின, தென்னந்தோட்டங்களில் கிடுகுக் குடில்கள் எழுந்தன. பள்ளி ஒலிபெருக்கியில் சோறு கேட்டார்கள், பாய் கேட்டார்கள், கைக்குழந்தைக்குப் பால்மா கேட்டார்கள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஆகவே நான் என்னைப் பற்றியே பேசிக்கொள்கிறேன்.

நான் பள்ளி முன்றிலில் நின்று சின்ன உரை ஒன்று ஆற்றினேன். மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களை மதீனாவின் அன்சாரிகள் தாங்கியதுபோல நாமும் தாங்க வேண்டும் என்றேன். ஒரு கிழமைக்குத்தானே, பேச்சுவார்த்தை நடந்தால் திரும்பிவிடுவார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். வெளிநாட்டு நிலவரத்தோடு ஒப்பிட்டு மூன்றாவது பகுதிக்கு வருவதற்குள் மனைவி ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது என் அறையில் பாய் விரித்தாகிவிட்டது. என் தலையணையும் அலாரம் மணிக்கூடும் விறாந்தைக்கு வந்திருந்தன. "ஒரு கிழமைக்குத்தானே" என்றாள், என் உரையிலிருந்தே எடுத்து.

வந்தவர்கள் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிலிருந்து ஒரு மாமி, மாமா, அவர்களுடைய மகள், மகளின் இரண்டு சின்னப் பிள்ளைகள். மாமா தையற்காரர். கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்களாம்; கழுத்தில் கிடந்த அளவு நாடாவோடு அப்படியே வந்துவிட்டார். வழியில் நடந்த சோதனையில் நகையும் காசும் போயின. அந்த நாடாவை யாரும் எடுக்கவில்லை. மஞ்சள் நாடா, முதல் இரண்டு அங்குலத்தில் இலக்கம் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. மூன்றிலிருந்துதான் வாசிக்கலாம். அவர் இடுப்பு அளவை மூன்றிலிருந்து பிடித்து மனதில் கழிப்பார்.

முதல் நாள் இரவு மாமா என் சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்தார், அப்படியே உறங்கிப்போனார். அந்த மனிதரை எழுப்ப யாருக்கு மனம் வரும்? மறுநாளும் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் நான் வேறு இடம் தேடிக்கொண்டேன். அடுத்த கிழமை மனைவியின் சிங்கர் மெசினை விறாந்தைக்கு இழுத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். அதற்கடுத்த கிழமை வாசலில் வரிசை. பிரேமதாச காலத்தில் அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் துணி கொடுக்கத் தொடங்கியதும் விறாந்தை முழுக்க வெள்ளைத் துணி. ஊருக்குள் என் வீட்டுக்கு வழி கேட்டால் "தையற்கடை வீடு" என்று காட்டினார்கள். இரவில் படிவத்து வீட்டுத் தலைவர், பகலில் தையற்கடை எடுபிடி. அளவு குறித்துவைக்கிற வேலை எனக்கு வந்தது. கையெழுத்து அழகு என்று மாமா பாராட்டினார். இருபது வருடம் படிப்பித்தும் கல்விப் பகுதியிலிருந்து ஒருவர் வந்து அந்த வார்த்தை சொன்னதில்லை.

அடுப்படி நிலவரம் இன்னும் சுவாரசியம். எங்கள் பக்கத்தில் தேங்காய் இல்லாமல் தண்ணி கூடக் கொதிக்காது. மாமி வந்த நாலாம் நாள் மிளகாய், மல்லி, சீரகம் எல்லாவற்றையும் வறுத்து யாழ்ப்பாணத்துத் தூள் இடித்தார். தும்மல் தெருமுனை வரை போனது. அந்தத் தூளில் பாரைக் குழம்பு வைத்த அன்று நான் மூன்றாம் தரம் சோறு கேட்டேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்துக்குப் பிறகு நான் இரண்டு சட்டியிலிருந்தும் சமமாக எடுத்துச் சாப்பிடுகிற அணிசேராக் கொள்கைக்கு வந்துவிட்டேன். நாளடைவில் அவர்கள் இருவரும் ஒரே சட்டியில் சமைக்கத் தொடங்கினார்கள். எனக்கு எதிராகச் சேர்ந்து பேசவும் தொடங்கினார்கள். மாமி என்னைத் "தம்பி" என்பார், "தம்பி, கிணத்தடியில வாளி நிரம்பேல்லை" என்பார். அது கட்டளை என்று புரிய எனக்கு ஒரு நாளும் தாமதமானதில்லை.

பாடசாலையிலும் இதே கதிதான். காலையில் எங்கள் பிள்ளைகள், பின்னேரம் வடக்குப் பிள்ளைகள் என்று இரண்டு நேரமாக வகுப்பு நடந்தது. நான் இலங்கைப் படத்தை விரித்து, மன்னார் வளைகுடா, முசலி, சிலாவத்துறை என்று பிரம்பால் தொட்டுக் காட்டுவேன். "சேர், அந்த இடத்துல ரோட்டு இல்லை. எங்கட வீடு இருக்கு" என்று ஒரு பொடியன் எழுந்து நிற்பான். அரசாங்கத்து நில அளவைப் படத்தை நம்புவதா, ஏழாம் வகுப்புப் பொடியனை நம்புவதா? பொடியனை நம்பினேன். அவனுக்குப் பாடப் புத்தகம் இன்னும் வந்து சேரவில்லை, சொல்வதெல்லாம் பார்த்தது.

ஊரெல்லாம் மதீனாவாகவே இருந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். கற்பிட்டிப் பக்கத்து மணலில் கிணறு தோண்டினால் கொஞ்ச ஆழத்தில் நல்ல தண்ணி. அந்தத் தண்ணி இத்தனை சனத்துக்கும் போதவேண்டுமே என்ற பேச்சு எழுந்தது. வெங்காயத் தோட்டத்தில் குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தது; தோட்டக்காரருக்குச் சந்தோசம், உள்ளூர்க் கூலிக்காரருக்கு வயிற்றெரிச்சல். நிவாரண அட்டைக்கு அரிசி, மா, சீனி, பருப்பு வரும்போது "எங்களுக்கும் கஷ்டம்தானே" என்று எங்கள் சனம் சொன்னது; அதுவும் பொய்யில்லை. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டக் கோட்டா என்று ஒன்று இருப்பதால் படித்த வீடுகளிலும் முணுமுணுப்பு. அகதி என்ற சொல்லைச் சிலர் சொன்ன தொனி எனக்கு இப்போதும் காதில் நிற்கிறது. தேநீர்க் கடையில் இந்த விவாதங்களில் நான் நடுவராக இருந்தேன். முதல் கிளாசுக்கு அன்சாரிகள் பக்கம் பேசுவேன். இரண்டாவது கிளாசை உள்ளூர்க் கட்சிக்காரர் வாங்கித் தந்தால் கிணற்று நீர்மட்டத்தைப் பற்றிக் கவலைப்படுவேன். வீட்டுக்கு வந்தால் வாளி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இரவானால் என் இராணுவ ஆய்வு தொடங்கும். பி.பி.சி. தமிழோசை இரவு ஒன்பதே காலுக்கு. மாமா மெசினை நிறுத்துவார், மாமி தஸ்பீஹை மடியில் வைப்பார், அக்கம்பக்கத்து முகாமிலிருந்தும் ஆட்கள் வந்து முற்றத்தில் குந்துவார்கள். செய்தி முடிந்ததும் நான் எழுந்து விளக்கம் சொல்வேன். 1995இல் ரிவிரெச, 1997 மேயில் ஜெயசிக்குறு என்று இராணுவ நடவடிக்கைகள். ஏ ஒன்பது என்கிற கண்டி வீதியைத் திறப்பதற்கென்று தொடங்கிய ஜெயசிக்குறு 1998 டிசம்பரில் திறக்காமலே நிறுத்தப்பட்டது. அந்தக் காலம் முழுவதும் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று மணலில் குச்சியால் கோடு போட்டு, எந்தப் படை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஆலோசனை வழங்கினேன். ஒரு தரப்பும் கேட்கவில்லை. "ஏ ஒன்பதைத் திறக்கிறது இருக்கட்டும். கிணத்தடிப் படலையைத் திறந்து ஆட்டை உள்ளுக்கு விடுங்க" என்று மனைவி உள்ளேயிருந்து சொல்வாள். முற்றத்தில் சிரிக்காதவர் மாமா ஒருவர்தான். அவர் கோட்டில் தன் தெரு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

1996இல் அந்தத் தமிழோசையே இடம் மாறியது. மழை இல்லாமல் நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்வெட்டு வந்து, மே மாதத்தில் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்னால் இழுத்தார்கள். யுத்த காலத்து 1942இலும் வெள்ளைக்காரன் இதே வித்தையை, அரை மணி அரை மணியாக இரண்டு தடவை காட்டி, 1945இல்தான் பழைய நிலைக்குக் கொண்டுவந்தான். எங்கள் அரசாங்கத்துக்குப் பழைய நிலைக்கு வர 2006 ஏப்ரல் ஆனது. ஆக ஒன்பதேகால் தமிழோசை முதலில் பத்தேகாலுக்குப் போய், பிறகு ஒன்பதே முக்காலுக்கு வந்து நின்றது. புலிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. வன்னியில் பழைய நேரம்தான். பள்ளிவாசல் சூரியனைப் பார்த்துப் பாங்கு சொன்னது. ஆடும் கழுதையும் பள்ளிவாசல் கட்சி. எங்கள் வீட்டில் சுவர் மணிக்கூடு புதிய நேரம், மாமியின் கை மணிக்கூடு பழைய நேரம். அது ஊரில் ஓடுகிற நேரம், அதை மாற்றமாட்டேன் என்றார். புவியியல் ஆசிரியன் என்ற முறையில் நெடுங்கோடு, பாகை, கிரீன்விச் என்று நான் விளக்கிக் களைத்துப் போனேன். பிள்ளைகள் விடிந்தும் விடியாமலும் பாடசாலைக்கு நடந்தார்கள். பாதி வகுப்பு கொட்டாவி விட்டது, மறுபாதிக்குப் படிப்பித்தவன் விட்டான்.

கடைக்குப் போனால் அங்கேயும் யுத்தம். தேசிய பாதுகாப்பு வரி என்று ஒன்று, பால்மாவிலும் சவர்க்காரத்திலும் ஒளிந்துகொண்டு, வருடத்துக்கு வருடம் வளர்ந்தது. குளித்தால்கூட நாட்டின் பாதுகாப்புக்குப் பங்களிக்கிறேன் என்று மனைவியிடம் பெருமை பேசினேன். "அப்ப அடிக்கடி பங்களிக்கலாமே" என்றாள். 2002 ஓகஸ்டில் அந்த வரியை நீக்கினார்கள். அதே மாதம் வற் வரி வந்தது. சவர்க்காரத்தின் விலை குறைந்ததாக எனக்கு நினைவில்லை.

கடலும் சுருங்கியது. வள்ளத்துக்குப் பதிவு, ஆளுக்குப் பாஸ், போகிற நேரத்துக்கும் வருகிற நேரத்துக்கும் கட்டுப்பாடு, என்ஜின் வலுவுக்கும் கட்டுப்பாடு. ஆழத்துக்குப் போகிற மச்சான் கரையோரத்தில் சூடையும் நெத்தலியும் வழித்துக்கொண்டு வந்தான். இரவில் மீன் பிடிக்கக் கூடாதென்றால் மீனுக்கும் அறிவித்திருக்க வேண்டாமா என்பது அவன் கேள்வி. அவன் தந்த கருவாட்டுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு கொழும்பு பஸ்ஸில் போனேன் ஒருமுறை. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி, பொதிகளைப் பிரிக்கச் சொன்னார்கள். நான் ஐந்து கட்டுக் கட்டியிருந்தேன். மணம் வரக்கூடாதே என்று பொலித்தீன், கடதாசி, மறுபடி பொலித்தீன். அத்தனை பத்திரமாகச் சுற்றிய பொருள் சாதாரணப் பொருளாக இருக்க முடியாது என்று சிப்பாய் முடிவு கட்டினான். சின்னப் பையன், மீசை சரியாக அரும்பவில்லை. ஒவ்வொரு கட்டாகப் பிரித்தான், பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள். கடைசிக் கட்டுப் பிரிந்ததும் மூன்று பேரும் ஒன்றாக முகத்தைத் திருப்பினார்கள். பையன் சிங்களத்தில் எந்த ஊர் என்று கேட்டான், சொன்னேன். தன் ஊர் ஆனமடுவப் பக்கம் என்றான். ஒரே மாவட்டம். நான் நாலு கருவாட்டை எடுத்து நீட்டினேன், மேலதிகாரி பார்க்காதபோது வாங்கிக்கொண்டான்.

அந்தப் பக்கத்துக் கிராமங்கள் ஊடாக அந்த வருடங்களில் போனவர்களுக்குத் தெரியும், வீதியோரம் கட்டிய வெள்ளைக் கொடிகள். படைச் சம்பளத்தில் பாதி கட்டிய கல்வீடு, சீமெந்து பூசாத சுவர், முன்னால் வெள்ளைக் கொடி. அந்த வீடுகளுக்கும் முன்னரங்கு எங்கோ நூறு மைலுக்கு அப்பால்தான் இருந்தது. அந்தப் பையனை நான் பிறகு காணவில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம், ஏப்ரலில் ஏ ஒன்பது திறந்தது. நான் திறக்கச் சொன்ன அதே வீதி, என்னைக் கேட்காமலே. மாமியும் மாமாவும் ஊர் பார்க்கப் புறப்பட்டார்கள். துணைக்கு ஆண்பிள்ளை வேண்டும் என்று என்னையும் ஏற்றினார்கள். பைகளைத் தூக்க ஆள் வேண்டும் என்பதன் மரியாதையான வடிவம் அது. ஓமந்தைச் சாவடியைத் தாண்டியதும் மணி அரை மணி நேரம் பின்னால் போனது. முகமாலையைத் தாண்டியதும் மறுபடி அரை மணி நேரம் முன்னால் வந்தது. நான் இரண்டு தரம் மணிக்கூட்டைத் திருகினேன். மாமி தன் கையை நீட்டி, வன்னி முழுக்கத் தன் மணிக்கூடு சரியான நேரம் காட்டியதைப் புவியியல் ஆசிரியருக்குப் பார்க்கத் தந்தார்.

சோனகத் தெருவில் வீட்டுக்குச் சுவர் இருந்தது. கூரை, கதவு, யன்னல், நிலை ஒன்றும் இல்லை. உள்ளே மரம் முளைத்திருந்தது. மாமா கடை இருந்த இடத்தைக் காலடியால் அளந்தார், பிறகு கழுத்திலிருந்த நாடாவை எடுத்து மறுபடி அளந்தார். என்னைக் குறித்துவைக்கச் சொன்னார். குறித்தேன்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2006இல் சண்டை மறுபடி தொடங்கியது. 2007இல் உலக வங்கிக் கடனில் இங்கேயே கல்வீடு கட்டிக்கொடுக்கிற திட்டம் வந்தது, முகாம்கள் ஊர்களாயின. 2009 மேயில் யுத்தம் முடிந்தது. சிலர் திரும்பிப் போனார்கள், சிலர் பாதி போனார்கள்: வயதானவர்கள் அங்கே, பிள்ளைகளின் பாடசாலையும் தொழிலும் இங்கே. மாமா திரும்பவில்லை. அவரை எங்கள் மையவாடியில்தான் அடக்கினோம். மாமி எங்கள் பின்வளவில் கட்டிய வீட்டில் இருக்கிறார், என்னைத் தம்பி என்றே கூப்பிடுகிறார். தையற்கடையை அவருடைய மகள் விறாந்தையின் ஒரு பக்கத்தில் நடத்துகிறாள். மறுபக்கத்தில் நான். என் பழைய அறையில் துணிக்கட்டுகள் இருக்கின்றன, அதைக் காலி செய்வதைப் பற்றி ஒரு பேச்சு அவ்வப்போது எழுந்து ஓயும்.

மூத்த மகளை முசலிப் பக்கத்துப் பையன் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தோம். கைக்குழந்தையாக இங்கே வந்தவன், புத்தளத்தில் வளர்ந்தவன், பேச்சும் எங்கள் பேச்சு. ஆனால் வாக்கு மன்னாரில். இடம்பெயர்ந்தவர்கள் சொந்த மாவட்டத்தில் வாக்காளராகப் பதிய 2013இல் தனிச் சட்டம் வந்தது, அவனும் பதிந்தான். காணி அங்கே இருக்கிறது, வாக்கையும் விட்டால் அந்த ஊரில் தனக்கு என்ன மிச்சம் என்பது அவன் கணக்கு. வருடா வருடம் வாக்காளர் படிவம் வரும்போது வீட்டுத் தலைவராகிய நான் அவன் பெயரை எழுதப் பேனாவைத் திறப்பேன். மனைவி பேனாவை மூடுவாள்.

2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல். புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன சனத்தின் பஸ்கள் மீது விடியற்காலையில் தந்திரிமலைப் பக்கத்தில் கல்லெறிந்தார்கள், சுட்டார்கள். யுத்தம் முடிந்து பத்து வருடம் கழிந்திருந்தது. மருமகனும் அப்படி ஒரு பஸ்ஸில்தான் போனான். விரலில் மையோடு முழுசாகத் திரும்பி வந்தான். தேர்தல் நடத்துகிற பெரியவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். இந்தச் சனம் தங்கியிருக்கிற இடத்திலேயே ஒரு வாக்குச் சாவடியை நிரந்தரமாகப் போட்டுக் கொடுங்கள், வாக்கு மன்னார்ப் பெட்டிக்குப் போகட்டும். இடமில்லை என்று சொல்லவேண்டாம். என் விறாந்தையைத் தருகிறேன். மனைவியிடம் மட்டும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.